கோகிலவாணியின் கரைந்த கட்டி

எங்க வீட்டு சாமி ரூம்ல அங்காளம்மன் படத்துக்குப் பக்கத்துல ஒரு கிராஃபை ஃபிரேம் போட்டு மாட்டி, அதுக்கு மஞ்சளும் குங்குமமும் வெச்சிருந்தேன்னு சொன்னா சிரிப்பீங்க. சிரிங்க, பரவால்ல. என் வீட்டுக்காரரும் சிரிச்சாருதான். "ஏம்புள்ள, கரண்டு பில்லுக்கெல்லாமா பொட்டு வெப்பாங்க?"னு கேட்டாரு.

அது கரண்டு பில்லு இல்லீங்க. என் மாருக்குள்ள இருந்த கட்டியோட கதை. கோடு மேல ஏறும், எறங்கும், மறுபடி ஏறும், கடைசில ஒரேயடியா தரையோட தரையா படுத்துக்கும். அதுக்கப்புறம் எந்திரிக்கவே இல்லை. வெளிநாட்டு டாக்டருங்க படிக்கற பெரிய பத்திரிகையில அச்சாகி வந்த கிராஃப் அது. பேரு போடல. திருப்பூர்ல ஒரு நடுத்தர வயசுப் பொம்பளைன்னுதான் போட்டிருந்தாங்க. ஆனா எங்க தெருவுல அது யாருன்னு தெரியாத ஆளே கெடையாது. நான்தான் வீடு வீடாச் சொல்லிட்டேனே.

என் பேரு கோகிலவாணி. பனியன் கம்பெனில செக்கிங் சூப்பர்வைசர். ஒரு தையல் விட்டிருந்தா பத்தடி தள்ளி நின்னே புடிச்சிருவேன். கம்பெனில என்னைக் கண்டா டெய்லருங்க தெச்சதை மறுபடி ஒரு தடவை திருப்பிப் பார்த்துக்குவாங்க.

அந்தக் கட்டியைக் காட்டிக் குடுத்த சிம் பாடியைத் தெச்சதே எங்க கம்பெனிதானுங்க. சர்க்கார்ல அதுக்கு என்னமோ வாயில நொழையாத பேரு வெச்சிருந்தாங்க. உள்ள சிப்பு வெச்ச பாடிங்கறதால நாங்க சிம் பாடின்னுட்டோம். துணிக்குள்ள முடியவிட சன்னமா கம்பி ஓடும். மார்ல எந்த எடத்துல சூடு ஏறுது, எந்த எடத்துல ரத்தம் புதுசா வழி வெட்டிக்கிட்டு ஓடுதுன்னு பார்த்துக்கிட்டே இருக்கும். வீட்டுச் செவுத்துல சொருகி வெச்சிருக்கற டப்பாவுக்குச் சொல்லும். டப்பா கோயமுத்தூர் ஆராய்ச்சி நெலையத்துக்குச் சொல்லும். எந்த ஸ்கேன்லயும் அம்புடாத கட்டியைக்கூட வருசக்கணக்கா முன்னாடியே மோப்பம் புடிச்சிருமாம். துவைக்கலாம், புழியலாம், வெயில்ல காயப்போடலாம், ஒண்ணும் ஆகாது. நாப்பது வயசு தாண்டின பொம்பளைங்களுக்கு மட்டும் ஆளுக்கு நாலு, இனாமா குடுத்தாங்க. துணி அப்படியே வெண்ணெயாட்டம் இருக்கும். காசு குடுத்து வாங்கறதா இருந்தா எங்க சம்பளத்துக்குக் கட்டாது.

இதையெல்லாம் நடத்துனவங்க டாக்டர் சங்கமித்ரா. முப்பத்தஞ்சு வயசுதான் இருக்கும். ஒல்லியா, பவுசு காட்டத் தெரியாத புள்ள. வீட்டுக்கு வந்தா தட்டுல வெச்ச முறுக்கை மிச்சம் வெக்காது. என்னை அக்கான்னுதான் கூப்புடும். நான் மரியாதைக்கு டாக்டரம்மாங்கறது.

பாடி போட ஆரம்பிச்ச கொஞ்ச மாசத்துல எனக்கு எடது பக்கம் ஒரு புள்ளி காட்டுச்சு. அட சாமி, நான் பட்ட பாடு! ராத்திரியெல்லாம் தடவித் தடவிப் பார்ப்பேன். ஸ்கேன் எடுத்தாங்க, ஒண்ணுமில்ல. மறுபடி எடுத்தாங்க, ஒண்ணுமில்ல. ஆனா பாடி மட்டும் இருக்குதுங்குது. அதுவும் ஒரு நாளைக்கு இருக்குதுங்கும், மறுநாளைக்கு இல்லைங்கும்.

"மினுக்குது அக்கா"ன்னாங்க டாக்டரம்மா. "உங்களுக்கு மட்டுமில்ல. புள்ளி வந்தவங்கள்ல நாலுல ஒருத்தருக்கு இப்படித்தான் இருக்கு. எல்லாக் கட்டியும் வளர்ந்தே தீரணும்னு இல்லை. சிலதை உடம்பே அடிச்சுப் போட்டுருது. அது மறுபடி எந்திரிக்குது, உடம்பு மறுபடி அடிக்குது. உங்க உடம்பு சண்டை போட்டுக்கிட்டு இருக்கு."

"எங்க மாமியாகிட்டக் குப்பை கொட்டுன உடம்புங்க இது. சண்டை போடாம என்ன பண்ணும்?"னேன். அந்தப் புள்ள சிரிச்ச சிரிப்புல டீ பொரையேறிப் போச்சு.

ரெண்டு வருசம் இப்படி மினுக்கிக்கிட்டே இருந்துச்சு. அப்புறம் என் மக தன்ஷிகாவுக்குக் கல்யாணம் கூடி வந்துச்சு. மாப்பிள்ளை ஓசூர்ல கார் கம்பெனில இன்ஜினியர், நல்ல எடம். கல்யாணம் முடிச்சு மகளை ஓசூருக்கு வண்டி ஏத்தி அனுப்பிட்டு வந்து பாக்கறேன், வீடு வெறிச்சோன்னு கெடக்குது. அழுதுக்கிட்டே கெடந்தேன். அந்த வாரந்தான் டாக்டரம்மா போன் பண்ணுனாங்க. புள்ளி சுத்தமா மறைஞ்சிருச்சுன்னாங்க. மாசக்கணக்காப் பார்த்தும் திரும்பி வரவே இல்லை. அங்காளம்மனுக்குப் பொங்கல் வெச்சேன். ஒரு கவலையக் குடுத்துட்டு ஒரு கவலைய எறக்கி வெச்சியா தாயின்னு கும்புட்டேன்.

டாக்டரம்மா எழுதுன கட்டுரை அந்தப் பெரிய பத்திரிகையில வந்துச்சு. மினுக்குற கட்டியில கத்தி வெக்க வேண்டாம், மருந்தும் வேண்டாம், சும்மா விட்டாலே கரையும்னு அதுல எழுதியிருந்துச்சு. அதை வெச்சு சர்க்கார்ல உத்தரவே போட்டாங்க. கோயமுத்தூர்ல பாராட்டு விழா வெச்சு என்னையும் மேடையேத்தி மாலை போட்டாங்க. டாக்டரம்மா பேசறப்ப கண்ணைத் தொடச்சுக்கிட்டே சொன்னாங்க: "முதல் கேஸ் எங்க அம்மா. முதல் தடவை தெச்ச பாடிகளை அவங்களுக்குத்தான் குடுத்தேன். அவங்களுக்கும் மினுக்குச்சு. எனக்கு குவார்ட்டர்ஸ் கெடைச்சு நான் சூலூர் வீட்டை விட்டு வந்தேன். அம்மா அங்க தனியா இருந்தே அதை ஜெயிச்சாங்க. இன்னிக்கு நான் கட்டியிருக்கறதுகூட அவங்க சேலைதான்." எல்லாரும் கை தட்டுனாங்க. எங்கையிதான் அதுல பெரிய சத்தம்.

இதெல்லாம் நடந்து ரெண்டு வருசமாச்சு. தன்ஷிகா உண்டானா. ஏழாம் மாசம் கட்டுச்சோறு விருந்து வெச்சு, தலப்பிரசவத்துக்கு வீட்டுக்குக் கூட்டிக்கிட்டு வந்தேன். ஒரு வாரம் வீடு வீடா இருந்துச்சு. அவளுக்கு வாய்க்கு ருசியா ஆக்கிப் போடறதும், காலை அமுக்கி விடறதுமா நான் தரையில நிக்கல.

அப்பத்தான் போன் வந்துச்சு.

"அக்கா, பதறாதீங்க. புள்ளி மறுபடி வந்திருக்கு."

போனைக் காதோட அமுக்கிக்கிட்டேன்.

"இந்தத் தடவை மினுக்கல. நெலையா நிக்குது. பழைய எடமேதான், ஆனா பெருசா இருக்கு. நான் இப்பவே கெளம்பி வர்றேன்."

பேரனைக் கண்ணுல பாக்கறதுக்குள்ள கெளம்பணுமோன்னு நெனைச்சேன். வகுத்துப் புள்ளக்காரிக்குத் தெரிஞ்சா தாங்க மாட்டாளேன்னு மூஞ்சியக் கழுவிட்டு ஒண்ணுந்தெரியாத மாதிரி உக்காந்திருந்தேன்.

டாக்டரம்மா வந்தாங்க. மொகம் பேயறைஞ்ச மாதிரி இருந்துச்சு. செவுத்துல இருந்த டப்பாவைக் கழட்டி, திருப்பிப் பார்த்து, மறுபடி சொருகுனாங்க.

"எப்ப இருந்துங்க காட்டுது?"ன்னு கேட்டேன்.

"போன வெள்ளிக்கிழமைல இருந்து. ஒரு நாள் விடாம. இன்னிக்குக் காலைலயும் வந்துச்சு."

"இன்னிக்குக் காலைலயா?" எனக்கு ஒண்ணும் புரியல. "அது எப்படிங்க? நான் அந்தப் பாடியைப் போட்டே ரெண்டு வாரம் ஆச்சுங்களே. இந்த வெயிலுக்கு முதுகெல்லாம் வேர்க்குரு. நீங்க திட்டுவீங்கன்னு சொல்லல. பழைய காட்டன்தான் போட்டுக்கிட்டு இருக்கறேன்."

டாக்டரம்மா என்னையே பார்த்தாங்க. "அப்ப டப்பால கோளாறா இருக்கும்"னு வாய்க்குள்ளயே சொல்லிக்கிட்டாங்க. அந்த மொகத்துல கொஞ்சம் தெளிவு வந்துச்சு. எனக்கும் உசுரு வந்துச்சு.

அந்த நேரம் பார்த்து உள்ரூம்ல இருந்து தன்ஷிகா வந்தா. நைட்டிக் கழுத்து ஒரு பக்கமா நழுவிக் கெடந்துச்சு.

"அம்மா, கொடில போட்ட சாம்பக் கலர் பாடி காஞ்சிருச்சா? இதை மாத்தோணும். ஒரே வேர்வை."

நைட்டிக்குள்ள இருந்து தோள்பட்டையில சாம்பக் கலர்ல ஒரு பட்டை தெரிஞ்சுது. எங்க கம்பெனித் தையலு. பத்தடி தள்ளி நின்னே தெரிஞ்சுதுங்க.

டாக்டரம்மா எந்திரிச்சுட்டாங்க. "நீ... இதை நீ போட்டிருக்கியாம்மா?"

"ஆமாங்க டாக்டர். என்னோடதெல்லாம் இறுக்குது. அம்மாது நல்லா நீளும்."

"எப்ப இருந்து?"

"வந்த அன்னிக்கு இருந்துதான். வெள்ளிக்கிழமை."

"கல்யாணத்துக்கு முன்னாடி போட்டிருக்கியா?"

தன்ஷிகா என்னைப் பார்த்துச் சிரிச்சா. வெவரம் தெரியாத சிரிப்பு. "எங்க வீட்டுல என்னுது உன்னுதுன்னு எங்கீங்க இருக்குது? காலேஜுக்கு ஓடறப்ப கொடியில எது காஞ்சிருக்கோ அதை இழுத்து மாட்டிக்கிட்டு ஓடறதுதான். ஜாக்கெட்டும் அப்படித்தான். ரெண்டு பக்கமும் ஒரு தையலைப் போட்டா எனக்கு, பிரிச்சா அம்மாவுக்கு. ஏன் டாக்டர்? அதைப் போடக்கூடாதா?"



டாக்டரம்மா அவளை உள்ள கூட்டிக்கிட்டுப் போயி கதவைச் சாத்துனாங்க. நான் வெளில நின்னேன். உள்ள அவ சொல்றது கேட்டுச்சு: "அதுங்களா? அது பால் கட்டறதுன்னு எங்க அத்தை சொன்னாங்க. உண்டானா அப்படித்தான் கட்டியா இருக்கும்னாங்க."

கதவு தெறந்துச்சு. டாக்டரம்மா என் கையைப் புடிச்சுக்கிட்டாங்க. "கைக்கே தட்டுப்படுது அக்கா. எடது பக்கம்."

நான் கத்துனேனா, அழுதேனான்னு எனக்கே தெரியாது. ஐயோ, நாலு வருசம்! என் மார்ல கட்டி இருந்ததே இல்லை. என் மாருக்குள்ள சண்டையும் நடக்கல, சமாதானமும் நடக்கல. அவ காலேஜுக்குப் போட்டுக்கிட்டுப் போன நாளெல்லாம் புள்ளி எரிஞ்சிருக்குது, நான் போட்ட நாளெல்லாம் அணைஞ்சிருக்குது. எனக்கு நல்ல சேதி வந்துச்சே, அந்த வாரந்தான் என் புள்ளைய நோயோட வண்டியேத்தி அனுப்பி வெச்சிருக்கறேன். அதுக்குப் பொங்கல் வேற வெச்சிருக்கறேன், பாவி.

"உங்க மிஷினுக்கு ஆளு யாருன்னு தெரியாதா?"ன்னு பாஞ்சேன்.

"தெரியாது அக்கா. சூட்டையும் ரத்த ஓட்டத்தையும்தான் பார்க்கும். ஆளை அடையாளம் பார்க்கற மாதிரி செய்ய முடியும்தான். பொம்பளைங்க உடம்பு சம்பந்தப்பட்டது, வெளிய போச்சுன்னா மானம் போயிரும்னு நாங்களே அதை எடுத்துட்டோம்."

"மானத்தைக் காப்பாத்துனீங்க, சரி. ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமில்ல?"

"கேட்டோமே அக்கா. தினமும் போடறீங்களான்னு மாசாமாசம் கேட்டோம்."

"நான் போடறேனான்னுதான் கேட்டீங்க! வேற யாரு போடறாங்கன்னு எவ கேட்டீங்க?"

"உள்ள போடற துணியைப் போயி யாராவது..." டாக்டரம்மா ஆரம்பிச்சாங்க. முடிக்கல. வாய் தெறந்தது தெறந்தபடி நின்னுட்டாங்க. கை தானாத் தோள்பட்டைக்குப் போச்சு. அப்புறம் நாற்காலியில உக்காந்து, தரையையே பார்த்துக்கிட்டு இருந்தாங்க. கட்டுரை போச்சேன்னு உக்காந்திருக்காங்கன்னு நெனைச்சு எனக்கு இன்னும் ஆங்காரம் ஏறுச்சு.

"அப்ப மத்த வீட்டுல?"ன்னேன். "மினுக்குதுன்னு எழுதுனீங்களே, அத்தனை வீட்டுலயும்?"

"ஆமாக்கா. மகளோ, மருமகளோ, தங்கச்சியோ." மெதுவாச் சொன்னாங்க. "கட்டி கரைஞ்சுதுன்னு நான் எழுதின ஒவ்வொரு வீட்டுல இருந்தும் ஒரு பொண்ணு வெளியூர் போயிருக்கணும்."

எங்க வீட்டு நடையிலயே நின்னு அவங்க டைரக்டருக்குப் போன் போட்டாங்க. ஸ்பீக்கர்ல அந்த மனுசன் பேசுனது எனக்கும் கேட்டுச்சு. ஒரு வீட்டுத் துணிக்கொடியை வெச்சு ஒரு நாட்டோட திட்டத்தைக் கவுக்கறதாம்மா, அடுத்த மாசம் மாநாடு இருக்கு, அது முடியட்டும், அப்புறம் நிதானமா ஆராயலாம்னாரு.

"சார், ஒரு வீட்டுக்கொடி இல்லை. இந்த ஊருல எல்லா வீட்டுக்கும் கொடி ஒண்ணுதான்"னாங்க டாக்டரம்மா. "கட்டுரையை வாபஸ் வாங்கறேன்னு இன்னிக்கே எழுதப் போறேன். நீங்க கையெழுத்துப் போட்டாலும் சரி, போடலைன்னாலும் சரி."

போனை வெச்சுட்டு அவங்க அப்படியே நடையில உக்காந்துட்டாங்க. அப்பவும் எனக்கு எரக்கம் வரலீங்க. சாமி ரூமுக்குப் போயி அந்த ஃபிரேமைக் கழட்டிக் கொண்டாந்து அவங்க மடியில போட்டேன். "எடுத்துக்கிட்டுப் போங்க. என் கண்ணுல படக்கூடாது." அதை எடுத்துக்கிட்டாங்க.

அடுத்த ரெண்டு நாளும் அந்த ஆராய்ச்சி நெலையத்துல இருந்து வீடு வீடா போன் போனதாச் சொன்னாங்க. எங்க கம்பெனிப் பொண்ணுங்களும் தெருத் தெருவாப் போனாங்க. கேக்க வேண்டிய கேள்வி ஒண்ணே ஒண்ணுதான்: அம்மா, உங்க சிம் பாடியை வீட்டுல வேற யாரு எடுத்துப் போடுவாங்க? எங்க தெருவுலயே மூணு பொம்பளைங்க அந்தக் கேள்வியைக் கேட்டதும் அப்படியே தரையில உக்காந்துட்டாங்களாம்.

தன்ஷிகாவைக் கோயமுத்தூருக்குக் கூட்டிக்கிட்டுப் போனோம். மாப்பிள்ளை ஓசூர்ல இருந்து ஓடியாந்துட்டாரு. ஊசி போட்டுச் சதை எடுத்துப் பார்த்தாங்க. அதேதான். ஆனா இன்னும் வேற எடத்துக்குப் பரவல, வகுத்துல இருக்கறதுக்குச் சேதம் வராம ஆபரேஷன் பண்ணலாம்னு பெரிய டாக்டரு சொன்னாரு. "ரெண்டு உசுரையும் காப்பாத்தப் பார்க்கறோம். ரெண்டு வருசம் முன்னாடி வந்திருந்தா இன்னும் சுளுவா இருந்திருக்கும்"னாரு. அந்த ரெண்டு வருசத்தை நான் யாருகிட்டப் போயிக் கேக்கறது? மகளோட தலையைக் கோதி விட்டேன். அவ என்னடான்னா எனக்குத் தைரியம் சொல்றா: "அழாதம்மா. உனக்கு வந்திருந்தா நான் எப்படித் தாங்கியிருப்பேன்?"

மறுநாளு அவளையும் மாப்பிள்ளையையும் உள்ள கூப்புட்டாங்க. நான் ஸ்கேன் ரூமுக்கு வெளிய பெஞ்சுல தனியா உக்காந்திருந்தேன். அப்ப டாக்டரம்மா வந்தாங்க. வெள்ளைக் கோட்டு இல்லை. சாதாச் சுடிதாரு. தலைகூடச் சரியா வாரல. என்னைப் பார்த்ததும் தயங்கி நின்னாங்க. எனக்கு மறுபடியும் பத்திக்கிட்டு வந்துச்சு. இன்னும் என்னத்தைக் கிறுக்கிக்கிட்டுப் போக வந்தீங்கன்னு கேக்க வாயெடுத்தேன்.

அப்பத்தான் அவங்க கையைப் பார்த்தேன். எங்களுக்குக் குடுத்த மாதிரியே ஒரு டோக்கன் இருந்துச்சு.

"என்னங்க இது? நீங்க எதுக்கு டோக்கன் வாங்கியிருக்கறீங்க?"

பெஞ்சோட அந்தக் கடைசியில உக்காந்தாங்க. டோக்கனை மடிச்சுக்கிட்டே சொன்னாங்க.

"அன்னிக்கு உங்க வீட்டுல, உள்ள போடற துணியைப் போயி யாராவது மாத்திப் போடுவாங்களான்னு கேக்க வந்தேன் அக்கா. கேட்டு முடிக்கறதுக்குள்ள எனக்கே ஞாபகம் வந்துருச்சு. சூலூர் வீட்டுல நானும் அம்மாவும் ஒரே அளவு. லேபுக்கு நேரமாச்சுன்னா கொடில இருந்து எது கைக்குக் கெடைக்குதோ அதை எடுத்துப் போட்டுட்டு ஓடுவேன்."

முதல் கேஸ் எங்க அம்மான்னு மேடையில நின்னு கண்ணைத் தொடச்சுக்கிட்ட மொகம் எனக்கு ஞாபகம் வந்துச்சு. குவார்ட்டர்ஸுக்குப் போனதும் அம்மாவுக்கு மறைஞ்சுதுன்னாங்களே. அதுக்கு நான் எத்தனை சத்தமாக் கை தட்டுனேன்!

"நீங்க சூலூரை விட்டு வந்து எத்தனை வருசமாச்சு?"ன்னேன்.

"ஆறு."

"தடவிப் பார்த்தியா?" நீங்க நாங்கல்லாம் எங்கியோ போயிருச்சு.

"இல்லைக்கா. ஊருல இருக்கற பொம்பளைங்களுக்கெல்லாம் எப்படித் தடவிப் பார்க்கணும்னு சொல்லிக் குடுத்தவ நான். என் கை போக மாட்டேங்குது."

"அம்மாகிட்டச் சொன்னியா கண்ணு?"

இல்லைன்னு தலையை ஆட்டுச்சு. அப்பத்தான் அந்தப் புள்ளைக்கு அழுகை வந்துச்சு.

"எப்படிக்கா சொல்றது? அந்த கிராஃபை அவங்களும் சாமி ரூம்லதான் மாட்டி வெச்சிருக்காங்க."

நான் நகர்ந்து அதும்பக்கத்துல போயி உக்காந்து, அந்தப் புள்ளையோட கையை எடுத்து என் மடியில வெச்சுக்கிட்டேன். கொஞ்ச நேரத்துல உள்ள இருந்து நர்ஸம்மா எட்டிப் பார்த்து, சங்கமித்ரா கூட யாரு வந்திருக்கீங்கன்னு கேட்டாங்க.

"நான் வந்திருக்கறேனுங்க"ன்னு எந்திரிச்சேன்.